கண்டம் ஆன பெட்டிகள்

மீன்சுருட்டியில் எங்கள் ஓட்டு வீட்டைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருக்கிறோம். தெற்கு அறை ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்து முற்றத்தில் சாய்த்துவைத்த ஆசாரி, அதன் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"சார், இது வீட்டுக்குன்னு செஞ்ச ஜன்னல் மாதிரி தெரியலையே. விளிம்புல மேலயும் கீழயும் ஓடுறதுக்குத் தேய்ஞ்ச தடம் இருக்கு. பித்தளைக் கொக்கி வெச்ச துளையும் இருக்கு. ரயில்ல இருந்ததா?"

இளைஞர். மரப்பெட்டி ரயிலில் ஏறியே இருக்கமாட்டார். மரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

சுரண்டிய இடத்தில் மேலே நாங்கள் அடித்த நீலம். அதற்குக் கீழே அக்கா கல்யாணத்துக்கு அடித்த பச்சை. அதற்கும் அடியில் கெட்டியாக ஒரு செங்காவி. அது எங்கள் வீட்டுப் பெயிண்ட் இல்லை, ரயில்வே பெயிண்ட். ஆசாரி இழைப்புளியை இரண்டு இழுப்பு இழுத்ததும் சீவல் சுருண்டு விழுந்தது. பழந்தேக்கின் எண்ணெய் மணம் எழுந்தது. பொன்மலை மாமாவின் காக்கிச் சட்டையில் எப்போதும் அடித்த மணம்.

எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. கும்பகோணம், ஜெயங்கொண்டம், காட்டுமன்னார்கோவில் என்று எந்தப் பக்கமும் பஸ் பிடிக்கலாம். ரயில் ஏறவேண்டுமானால் அந்தப் பஸ்ஸில் போய்த்தான் ஏற வேண்டும். சென்னைக்குப் போகச் சிதம்பரம் ஸ்டேஷன், திருச்சிக்குப் போக அரியலூர் ஸ்டேஷன். அப்போது நாங்கள் திருச்சி ஜில்லா, உடையார்பாளையம் தாலுகா. பெரம்பலூர் மாவட்டம், அரியலூர் மாவட்டம் எல்லாம் பின்னால் வந்தவை. அந்த ஜில்லாவின் தலைநகரில், அதுவும் ரயில்வேயில், அம்மாவின் அண்ணன் வேலை பார்த்தார் என்பதால் தெருவில் எங்களுக்குத் தனி மரியாதை இருந்தது.

கோடை விடுமுறை வந்தால் அம்மா எங்களை அழைத்துக்கொண்டு பொன்மலைக்குக் கிளம்பிவிடுவார். ஒரு பையில் முந்திரிப்பருப்பு, சாக்கில் கட்டிய பலாப்பழம் ஒன்று, கூஜாவில் தண்ணீர். ஜெயங்கொண்டம் வழியாக அரியலூர் போய்ச் சேர்வதற்குள் பலாப்பழ வாசனையில் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். ஸ்டேஷனில் பாசஞ்சருக்குக் காத்திருப்போம். மீட்டர்கேஜ். தண்டவாளத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே சரியாக ஒரு மீட்டர்.

பெட்டிகள் மரத்தில் செய்தவை. மூன்றாம் வகுப்பில் பட்டை பட்டையாக இடைவெளி விட்டு அடித்த பெஞ்சு. அரை மணி உட்கார்ந்தால் தொடையில் கோடுகள் பதிந்துவிடும். எஞ்சினைப் பார்த்து உட்கார்ந்தால் காற்று வரும், கரித்தூளும் வரும். கண்ணில் தூள் விழுந்தால் அம்மா முந்தானை நுனியை வாயில் வைத்து ஊதிச் சூடாக்கி ஒத்தடம் கொடுப்பார். ஜன்னலுக்கு இரண்டு கதவு. ஒன்று கண்ணாடி, இன்னொன்று காற்று வரும்படி சாய்வாகச் சட்டங்கள் கோத்த மரக்கதவு. இரண்டையும் கீழே தள்ளினால் சுவருக்குள் இறங்கிவிடும், வேண்டும்போது மேலே இழுத்துப் பித்தளைக் கொக்கியில் மாட்டவேண்டும். கொக்கி தேய்ந்திருந்தால் கதவு சடாரென்று விழும். அதில் விரல் நசுங்காத பிள்ளை அந்தக் காலத்தில் யாராவது உண்டா என்று தெரியவில்லை. இருட்டினால் கூரையில் மஞ்சளாக ஒரு பல்பு. வண்டி நின்றால் அது இன்னும் சோர்ந்துபோகும்.

அரியலூரை விட்டுச் சற்று நேரத்தில் மருதையாற்றுப் பாலம் வரும். அதுவரை சளசளவென்று பேசிக்கொண்டிருந்த பெரியவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். அம்மா தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். 1956 நவம்பர் 23 விடியற்காலையில், வெள்ளத்தில் பலவீனப்பட்ட அந்தப் பாலத்தில்தான் சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். எங்கள் பக்கத்து ஊர்களில் அந்த ஐப்பசி–கார்த்திகை மழையை நினைவு வைத்திருந்தவர்கள் சாஸ்திரியைப் பற்றிப் பேசவில்லை. பெட்டிகள் தீப்பெட்டி மாதிரி நொறுங்கிக் கிடந்ததைத்தான் பேசினார்கள். மரப்பெட்டியின் பெரிய குறை அது. அந்தப் பெட்டியை அழகு என்று எழுத வந்திருக்கும் நான் இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பாலம் தாண்டியதும் பேச்சு திரும்பவரும். கல்லகம், கல்லக்குடி, புள்ளம்பாடி, லால்குடி. கல்லக்குடி வந்தால் யாராவது ஒருவர் 1953-ல் கருணாநிதி தண்டவாளத்தில் படுத்த கதையை, தாமே பக்கத்தில் படுத்திருந்த மாதிரி சொல்லுவார்.

மாமா பொன்மலை ஒர்க்ஷாப்பில் கேரேஜ் பிரிவில் தச்சர். தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் பட்டறை முதலில் நாகப்பட்டினத்தில் இருந்தது. 1920-களின் கடைசியில்தான் பொன்மலைக்கு மாறியது. மாமாவின் ஷாப்பில் வயதான சிலர் நாகப்பட்டினத்திலிருந்து குடும்பத்தோடு பெயர்ந்து வந்தவர்களின் பிள்ளைகள். காலையில் சங்கு ஊதினால் பொன்மலையே சைக்கிளில் ஏறிவிடும். மாலையில் சங்கு ஊதினால் அதே சைக்கிள்கள் திரும்பிவரும். நடுவில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க எங்களுக்கு அனுமதி இல்லை. ஆயுத பூஜை நாளில் மட்டும் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். ஒரு வருஷம் அதற்கென்றே பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுப் போனேன்.

உள்ளே நான் பார்த்த பெட்டிக்குச் சக்கரம் இல்லை. தாங்குகட்டைகளின் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். பக்கவாட்டுப் பலகைகளைக் கழற்றியிருந்ததால் விலா எலும்பு தெரிந்தது. வாழைக்கன்று, சந்தனப் பொட்டு, பொரி, சுண்டல் எல்லாவற்றுக்கும் நடுவே மாமா என் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஒவ்வொரு பலகையாக விரல் முட்டியால் தட்டிக் காட்டினார்.

"கேளு மாப்ள. இது கணீர்னு பேசுதா? வைரம். இது பொத்துன்னு கேக்குதா? உள்ள போச்சு. மேல பெயிண்ட் பளபளன்னு இருக்கும், நம்பக் கூடாது."

மரப்பெட்டியின் முதல் எதிரி கரையான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மாமா சிரித்தார். தேக்கின் வைரத்தைக் கரையான் அவ்வளவு சீக்கிரம் தொடாது, தண்ணீர் உள்ளே போய் மரம் ஊறிய பிறகுதான் மற்ற எல்லாம் வரும் என்றார். தண்ணீர் எங்கே உள்ளே போகிறது? இரண்டு இடம். ஒன்று கூரை. பழைய பெட்டியின் கூரையில் பலகை அடித்து, அதன்மேல் ஈயம் கலந்த கெட்டி வெள்ளைப் பூச்சைப் பூசி, ஈரம் காய்வதற்குள் கித்தானை இழுத்து ஒட்டி, அதன்மேல் மறுபடி பூச்சு அடிப்பார்கள். நன்றாக ஒட்டிய கித்தான் பல வருஷம் தாங்கும். ஆனால் ஓர் ஆள் ஆணி வைத்த செருப்போடு மேலே ஏறினால் போதும். அந்தச் சின்னக் கிழிசலில் இறங்கும் மழை, கூரையும் சுவரும் சேரும் நீளச் சட்டத்தில் போய்த் தங்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. தெரியும்போது சட்டம் பஞ்சாகியிருக்கும்.

இரண்டாவது இடம் ஜன்னல். கண்ணாடியில் வழியும் மழை, கதவு இறங்கும் அந்தச் சந்துக்குள்தான் போகும். அடியில் தண்ணீர் வெளியேற ஓட்டை விட்டிருப்பார்கள். நாம் என்ன செய்வோம்? கடலைத்தோல், வெற்றிலைக் காம்பு, பயணச்சீட்டு எல்லாவற்றையும் அந்தச் சந்தில்தான் போடுவோம். ஓட்டை அடைத்துக்கொள்ளும். பெட்டியின் அடிச்சட்டம் அழுகுவதற்குக் காரணம் நம்முடைய கடலைத்தோல் என்று மாமா சொன்னபோது நான் நம்பவில்லை. ஒரு சந்தைக் காட்டினார். உள்ளே புளியங்கொட்டைகூட இருந்தது.

அன்றைக்கே அவர் வேலைக்கு நாள் எண்ணப்பட்டிருந்தது. பெரம்பூரில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955-லேயே திறந்தாயிற்று. சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் கம்பெனி கொடுத்த தொழில்நுட்பத்தில் முழு எஃகுப் பெட்டிகள் வரத்தொடங்கின. அடியும் சுவரும் கூரையும் ஒரே கூடாக வேலை செய்யும் அமைப்பு. மோதினால் மரப்பெட்டி போலச் சிதறாது. நல்லதுதான். மாமாவும் நல்லது என்றுதான் சொன்னார். "ஆனா அதுக்கு ஆசாரி எதுக்கு? வெல்டர் போதும்." மெயின் லைன் வண்டிகள் முதலில் மாறின, பிறகு பாசஞ்சர்கள். 1974-ல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரையே எடுத்துவிட்டார்கள். மரப்பெட்டிகள் ஒவ்வொன்றாகக் 'கண்டம்' ஆயின. ஓடத் தகுதியில்லை என்று ரயில்வே கழித்துவிட்ட பெட்டிக்குப் பட்டறையில் அதுதான் பேர். கண்டம் ஆனால் அடுத்தது ஏலம்.

ஏலத்தில் பெட்டிகளைப் பிரித்துச் சல்லிசாகக் கொடுத்தார்கள். பர்மாத் தேக்கு, மலபார்த் தேக்கு. இனிமேல் எங்கே கிடைக்கும்? எங்கள் பக்கத்தில் டீக்கடை பெஞ்சு, அரிசி மண்டிக் கதவு, மாட்டுக்கொட்டகைத் தடுப்பு என்று பல இடங்களில் ரயில் பெட்டி ஒளிந்திருந்தது. மாமா எங்களுக்கு ஒரு ஜன்னல் கதவு வாங்கித்தந்தார். அதைத்தான் இப்போது ஆசாரி பெயர்த்தெடுத்தார். புது வீட்டின் மாடிப்படிக்கு மேலே வைக்கச் சொல்லிவிட்டேன். காற்றுக்குக் காற்று, வெளிச்சத்துக்கு வெளிச்சம்.

பழையதைப் பிரித்துப் புதியதற்குப் பயன்படுத்துவது எங்கள் வட்டாரத்துக்குப் புதிதல்ல. பக்கத்தில்தான் கங்கைகொண்டசோழபுரம். 1830-களில் கொள்ளிடத்தில் கீழணை கட்டும்போது ராஜேந்திர சோழனின் கோயில் மதில் கற்களைப் பெயர்த்து வண்டி வண்டியாக அணைக்கரைக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கல்லின் மேல் தேங்கிய தண்ணீரில் விளைந்த நெல்லை நாங்கள் தலைமுறையாகச் சாப்பிட்டிருக்கிறோம். அதனால் ஏலத்தில் பலகை வாங்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கோயில் மிச்சம் நின்றது. மீட்டர்கேஜ் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் என்ன மிச்சம் நின்றது என்ற கேள்வி எனக்கு வந்தது, ஊரிலிருந்து வெகுதூரத்தில்.

மகள் இங்கிலாந்தில் லீட்ஸில் வேலை பார்க்கிறாள். அங்கே போயிருந்தபோது, "உங்களுக்குப் பிடிச்ச இடம் ஒண்ணு இருக்குப்பா" என்று கீத்லி என்ற ஊருக்கு ரயிலில் அழைத்துப்போனாள். கீத்லியிலிருந்து ஒரு பள்ளத்தாக்கு வழியாக ஐந்து மைல் நீளக் கிளைப்பாதை. லாபமில்லை என்று அரசு ரயில்வே 1960-களின் தொடக்கத்தில் மூடிவிட்டதை ஊர்க்காரர்களே சங்கம் சேர்ந்து வாங்கி, 1968-ல் திரும்ப ஓட்டத்தொடங்கினார்கள். இன்றைக்கும் எஞ்சின் ஓட்டுவது, டிக்கெட் கிழிப்பது எல்லாம் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்கள்தான். அந்த நாட்டில் இது ஒரு வியாதி மாதிரிப் பரவியிருக்கிறது. வேல்ஸில் டாலிலின் என்ற குட்டிப் பாதையில் 1951-ல் தொடங்கியது. கீத்லிக்கு அடுத்த ஸ்டேஷன் இங்ரோ. அங்கே எஞ்சினுக்கு இல்லாமல், பெட்டிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம். நடத்துவது ஒரு தொண்டு அறக்கட்டளை.

கதவைத் திறந்ததும் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. தேக்கு, வார்னிஷ், ஆளிவிதை எண்ணெய். மகளிடம், "உங்க பொன்மலைத் தாத்தா இங்கதான் எங்கயோ நிக்கிறார்" என்றேன்.

1876-ல் செய்த நான்கு சக்கரப் பெட்டி ஒன்று இருக்கிறது. சின்னது, குதிரைவண்டிக்கு அண்ணன் மாதிரி. உள்ளே ஏறி உட்காரலாம். ஒரு மூலையில் என் வயதுக்காரர் ஒருவர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, ஒரு கதவுச் சட்டத்தின் அழுகிய நுனியை அறுத்து எடுத்துவிட்டுப் புது மரத்துண்டை ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். மகள் மொழிபெயர்க்க வேண்டிய அவசியம் அதிகம் வரவில்லை. நான் பக்கத்துப் பலகையை விரல் முட்டியால் தட்டினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு மணி நேரம் எங்களைப் பிரிக்க முடியவில்லை.

அவர் சொன்ன கஷ்டங்களில் பாதி மாமா சொன்னதேதான். கித்தான் கூரை, நீளச் சட்டம், ஜன்னல் சந்து. மீதிப் பாதி எனக்குப் புதிது. அங்கே கழித்துக்கட்டிய பெட்டிகளின் மேல்கூட்டை மட்டும் வாங்கிப்போய்த் தோட்டத்தில் வைத்துக் கோழிக்கூண்டாகவும் விடுமுறைக் குடிலாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். மேலே தகரக்கூரை போட்டிருந்த பெட்டிகள் பிழைத்தன, மற்றவை மண்ணோடு போயின. பிழைத்ததை மீட்டுக்கொண்டுவந்தால் சக்கரம் இல்லை, அடிச்சட்டம் இல்லை. வேறு ஏதாவது சரக்கு வண்டியின் அடியை வாங்கி, நீளத்தை வெட்டியோ கூட்டியோ அதன்மேல் உட்காரவைக்க வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கிறது. சுரண்டும்போது மூக்கை மூடவேண்டும். 1950-களில் செய்த சில பெட்டிகளின் சுவருக்குள் கல்நார் அடைத்திருப்பார்கள்; அதைத் தொண்டர்கள் தொடவே கூடாது, உரிமம் பெற்றவர்களைக் கூலிக்குக் கூப்பிட வேண்டும். அந்தக் கூலியில் ஒரு வருஷ மரச்செலவு போய்விடும். பணத்துக்கு ஒரு வழி சினிமா. பழைய காலக் கதை எடுப்பவர்கள் பெட்டிகளை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். 1970-ல் வந்த 'தி ரயில்வே சில்ட்ரன்' படத்தை அந்தப் பாதையில்தான் எடுத்தார்கள்.

"எவ்வளவு மாற்றினால் அது பழைய பெட்டி இல்லை என்று ஆகும்?" என்று கேட்டேன். அவர்களுக்குள்ளேயே அதற்குச் சண்டை வருமாம். அவருடைய கணக்கு எளிமையானது: நல்ல மரத்தில் கை வைக்காதே, அழுகியதை மட்டும் எடு, புதிதாகப் போட்டது எது என்று நோட்டில் எழுதிவை. பெயிண்டை ஒரு காசு அளவுக்கு வட்டமாகத் தேய்த்து, மரம் தெரியும்வரை ஒவ்வோர் அடுக்காக எண்ணுவார்களாம். எந்தக் காலத்தில் என்ன நிறம் என்று அதிலிருந்து கண்டுபிடிக்கிறார்கள்.

அவர் பெரிதாகக் கவலைப்பட்டது இரண்டுக்குத்தான். ஒன்று, பெட்டிகள் நிற்கக் கொட்டகை. ஒரு பெட்டியைப் புதுப்பிக்கப் பல வருஷம் ஆகிறது. முடித்ததை வெட்டவெளியில் நிறுத்தினால் சில மழைக்காலத்தில் பழையபடி ஆகிவிடும். அதனால் கொட்டகையில் இடம் எவ்வளவோ அவ்வளவு பெட்டிக்கு மேல் ஏற்பதில்லை, யார் இலவசமாகக் கொடுத்தாலும். இரண்டாவது கவலை, தன் பக்கத்தில் நின்று உளி பிடிக்க இளைஞர்கள் போதவில்லை என்பது. விடைபெறும்போது, "உங்கள் நாட்டு மூன்றாம் வகுப்பு மரப்பெட்டியைப் பார்க்க வேண்டுமானால் எங்கே வரவேண்டும்?" என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

திரும்பிவந்து விசாரித்தேன். நம்மிடம் ரயில் அருங்காட்சியகங்கள் இல்லாமல் இல்லை. டெல்லியில் 1977-ல் தேசிய அருங்காட்சியகம் திறந்தார்கள். அதற்காக எஞ்சின்களைத் தேடி நாடு முழுக்க அலைந்தவர்களில் முக்கியமானவர் மைக்கேல் சேட்டோ என்ற ஆங்கிலேயர். பிறகு மைசூர், சென்னையில் ஐ.சி.எஃப். பக்கத்தில் 2002-ல் ஒன்று, திருச்சியில் 2014-ல் ஒன்று. போய்ப் பாருங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் டெல்லியில் பேர்பெற்ற பெட்டி எது? 1875-ல் வேல்ஸ் இளவரசர் வந்தபோது செய்த சலூன். மைசூரில்? 1899-ல் அரச குடும்பத்துக்குச் செய்த சலூன். ராஜாக்கள் உட்கார்ந்த மெத்தைக்குக் கண்ணாடிப் பாதுகாப்பு உண்டு. என் அம்மா பலாப்பழச் சாக்கோடு உட்கார்ந்த பெஞ்சுக்கு இல்லை. சாதாரணமானது என்றைக்கும் கிடைக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், அதனால்தான் அது முதலில் காணாமல் போகிறது.

எஞ்சின்மேல் உள்ள பாசம் பெட்டிமேல் நமக்கு இல்லை. லீட்ஸில் 1855-ல் செய்த 'ஃபேரி குயின்' எஞ்சினைப் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் உயிர்ப்பித்து 1997-ல் மறுபடி ஓடவிட்டார்கள். உலகமே பாராட்டியது, நியாயமான பாராட்டு. ஆனால் அது இழுத்துக்கொண்டு போனது குளிர்சாதன வசதி செய்த இக்காலப் பெட்டியை. தமிழ்நாட்டில் பெரிய ஸ்டேஷன்களின் வாசலில் மேடை கட்டி எஞ்சின் நிறுத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேடைமேல் பெட்டியைப் பார்ப்பது அபூர்வம். எஞ்சின் கனத்த இரும்பு. வருஷத்துக்கு ஒரு கறுப்புப் பூச்சு அடித்தால் மழையில் நிற்கும். பெட்டி அப்படி இல்லை. அது மரம், கண்ணாடி, துணி, தேங்காய் நார், பித்தளை. வீடு மாதிரி, ஆள் புழங்காமல் பூட்டினால் கெட்டுப்போகும்.

பூட்டிக் கெட்டுப்போன பெட்டி ஒன்றை நானே பார்த்தேன். எந்த ஊர் என்று சொல்லவேண்டாம். வெட்டவெளியில் நின்றது, அன்றுதான் பெயிண்ட் அடித்த மாதிரி ஜொலித்தது. ஜன்னலுக்குக் கீழே பழக்கதோஷத்தில் முட்டியால் தட்டினேன். பொத்தென்றது. கதவில் பித்தளைப் பிடி இருந்த இடத்தில் இரண்டு துளை. சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். அங்கிருந்த ஊழியர் நல்ல மனிதர். "பெரிய ஆளுங்க வர்றாங்கன்னா பெயிண்டுக்குப் பணம் வரும் சார். கூரைக்கு யாரும் தரமாட்டாங்க. கூரை போட்டோவுல விழாதே" என்றார்.

தொண்டர்களைக் கொண்டு பெட்டிகளைப் பாதுகாக்க நம்மூரில் முடியாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பெட்டி ரயில்வே சொத்து, உள்ளே போகவே பாஸ் வேண்டும், நம்ம ஜனங்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது என்று காரணங்கள். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஞாயிற்றுக்கிழமையானால் வேன் வைத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, பாழடைந்த சிவன் கோயில்களில் உழவாரப் பணி செய்யும் கூட்டம் எங்கள் பக்கத்தில் எத்தனையோ இருக்கிறது. புதர் வெட்டுகிறார்கள், எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கிறார்கள், பிரகாரம் கழுவுகிறார்கள். பைசா வாங்குவதில்லை, சாப்பாட்டையும் கையில் கொண்டுபோகிறார்கள். அப்பர் காலத்திலிருந்து வரும் பழக்கம். இங்ரோவில் நான் பார்த்த வாத்தியார் செய்வதும் அதுதான், உழவாரத்துக்குப் பதில் உளி. ரயில்மேல் பைத்தியம் உள்ளவர்களும் குறைவில்லை. 1999-ல் தொடங்கிய இந்திய நீராவி ரயில் சங்கம் இருக்கிறது. நீலகிரி மலை ரயிலுக்காகப் பேச ஊட்டியில் அறக்கட்டளை இருக்கிறது. அந்தப் பாதை 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

கையும் இன்னும் போய்விடவில்லை. மலை ரயிலுக்குப் புதிய நீராவி எஞ்சினையே பொன்மலையில் செய்திருக்கிறார்கள், இந்த நூற்றாண்டில். அதைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு ஒரு மரப்பெட்டியின் அடிச்சட்டம் பெரிதா? மாமாவின் தலைமுறைத் தச்சர்கள் போய்விட்டார்கள். அவர்களிடம் எடுபிடியாக இருந்து கற்றவர்களில் சிலர் பொன்மலைக் காலனியைச் சுற்றியே ஓய்வூதியத்தில் இருக்கிறார்கள். மாதத்தில் சில ஞாயிறு அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டால் போதும், பக்கத்தில் தச்சுப்பிரிவு ஐ.டி.ஐ. பையன்கள் நால்வர் நின்றால் அந்தத் தொழிலும் கைமாறும். ஐந்து நிமிஷத்தில் பெயிண்டைச் சுரண்டியே ஜன்னலின் பூர்வீகத்தைச் சொன்ன எங்கள் ஆசாரியை எந்த ஞாயிற்றுக்கிழமையும் நான் அனுப்பிவைக்கத் தயார்.

இது மரப்பெட்டியோடு முடியும் கதையும் இல்லை. மாமாவின் வேலையைப் பறித்த அந்த ஐ.சி.எஃப். எஃகுப் பெட்டியின் உற்பத்தியே 2018 ஜனவரியோடு நின்றுபோயிற்று. அரை நூற்றாண்டுக்கு மேல் நாடு முழுக்க அதில்தான் போய்வந்தது. இப்போது ஜெர்மன் வடிவமைப்பான எல்.எச்.பி. பெட்டிகள். என் பேரன் வளர்ந்து, தாத்தா காலத்து நீலப் பெட்டியைக் காட்டு என்று கேட்கும் நாள் தூரத்தில் இல்லை. எஃகு என்பதால் தானாக நிற்கும் என்று நினைக்கவேண்டாம். அதற்கும் ஜன்னலுக்கு அடியில்தான் துரு பிடிக்கும், அதே கடலைத்தோல்.

அடுத்த முறை ரயில் அருங்காட்சியகம் எதற்காவது பிள்ளைகளை அழைத்துப்போனால் ஒரு காரியம் செய்யுங்கள். வாசலில் பார்வையாளர் குறிப்பேடு வைத்திருப்பார்கள். 'மிக அருமை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். பெட்டிகளுக்கு மேலே கூரை போடுங்கள் என்று எழுதுங்கள். அதன் கீழே உங்கள் முழு முகவரியையும் எழுதிவையுங்கள்.